ஆய்வுக்கூடமும் அங்காடியும்: மென்படலச் சூரிய மின்கல ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மென்படலச் சூரிய மின்கலம் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கும் மாணவ நண்பர்களுக்கு,



நம் மாநிலத்துப் பௌதிகத் துறைகளில் நடைபெறும் முனைவர் பட்ட ஆராய்ச்சிகளில் கணிசமான பகுதி மென்படலங்களைப் பற்றியதாக இருப்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. சூடேறிய கண்ணாடித் தகட்டின்மேல் உப்புக் கரைசலைத் தெளித்துப் படலமாக்கும் முறையையும், கரைசலுக்குள்ளேயே கண்ணாடியை நிறுத்திப் படலம் வளரச் செய்யும் முறையையும் கையாளுவதற்குப் பெருஞ்செலவு பிடிக்கும் சாதனங்கள் வேண்டியதில்லை. ஒரு சிறு கல்லூரியின் எளிய அறையிலும் அவற்றை அமைத்துக்கொள்ளலாம். அங்கே உருவாகும் படலத்தை எக்ஸ் கதிராலும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியாலும் பரிசீலித்து, வெளியிடத்தக்க முடிவுகளைப் பெறலாம். பௌதிகம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இவ்வகை ஆய்வேடுகள் பலவற்றைப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியிருக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை, முதல் அத்தியாயத்தில் உலகின் எரிசக்தி நெருக்கடியை விவரித்துத் தொடங்கி, இறுதி அத்தியாயத்தில் ‘ஆதலின் இப்பதார்த்தம் சூரிய மின்கலத்துக்கு ஏற்றது’ என்னும் வாக்கியத்தோடு முடிவுறுகின்றன. அந்தக் கடைசி வாக்கியத்துக்கும், ஒருவர் காசு கொடுத்து வாங்கித் தம் கூரையின்மேல் பொருத்தும் தகட்டுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு, அந்தத் தூரத்தில் எவை வீழ்ந்தன, எது பிழைத்தது, ஏன் பிழைத்தது என்பவற்றை உங்களோடு சேர்ந்து சிந்திக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பதார்த்தத்தின் வர்த்தக எதிர்காலத்தை அதன் திறன் மாத்திரம் நிர்ணயித்துவிடாது. அது எத்தனை ஆண்டு தாங்கும், எவ்வளவு பரப்பில் ஒரே சீராகப் படியும், அதன் மூலகங்கள் எங்கிருந்து எந்த அளவில் கிடைக்கும், அதே காலத்தில் சிலிக்கன் என்ன விலைக்கு விற்கும் என்னும் நான்கு கேள்விகளும் திறனுக்குச் சமமாக நின்று தீர்ப்புக் கூறுகின்றன. நம் ஆய்வேடுகளில் இந்நான்கும் பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை.

மென்படலத்தின்மேல் விஞ்ஞானிகளுக்கு ஏற்பட்ட ஈடுபாடு ஆதாரமற்றதன்று. சிலிக்கன், ஒளியை உறிஞ்சுவதில் மந்தமானது. அதிலுள்ள எலெக்ட்ரான் ஒளித்துகளின் சக்தியைப் பெற்று மேல் நிலைக்குத் தாவுவதற்குப் படிகத்தின் அதிர்வும் உடன் துணை நிற்க வேண்டியிருப்பதால், மேலே விழும் வெயிலை வீணாக்காமல் ஏற்க அதற்கு நூறு மைக்ரானுக்கும் மேற்பட்ட தடிமன் தேவைப்படுகிறது. காட்மியம் டெல்லுரைடு, தாமிரம்-இண்டியம்-கேலியம்-செலினியம் சேர்ந்த சேர்மம் (இனி ‘இண்டியச் சேர்மம்’), பெராவ்ஸ்கைட் முதலியவற்றுக்கு அத்துணை வேண்டியதில்லை. ஓரிரண்டு மைக்ரான் தடிமனே அவற்றுக்குப் போதும். அன்றியும், சிலிக்கனை 1,400 பாகைக்கு மேல் உருக்கிப் படிகமாக வளர்த்து, வைரத்துகள் பதித்த கம்பியால் வில்லைவில்லையாக அறுத்து, ஒவ்வொரு வில்லையையும் தனித்தனியே கலமாக்கி, பின்னர்க் கம்பிகளால் இணைத்துத் தகடாக்கும் நீண்ட கிரமத்துக்கு மாறாக, கண்ணாடியின்மேல் நேரடியாகப் பூசி, லேசர்க் கதிரால் கோடிட்டுக் கலங்களாகப் பிரித்து, அதே கூரையின்கீழ் வேலையை முடித்துவிடலாம். ஷாக்லி, குவைசர் என்னும் இருவர் 1961-இல் வகுத்த கணக்குமுறைப்படி ஒற்றைச் சந்தி கொண்ட கலம் ஒன்று அடையக்கூடிய உச்சத் திறன் ஏறத்தாழ 33 சதவீதம்; அந்த உச்சத்துக்கு உகந்த சக்தி இடைவெளிக்குச் சிலிக்கனைப் போலவே காட்மியம் டெல்லுரைடும் மிக அருகில் இருக்கிறது. கொள்கையளவில் நோக்கினால் மென்படலமே வென்றிருக்க வேண்டும். ஆனால் இன்று உலகில் விற்பனையாகும் சூரியத் தகடுகளில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவையே மென்படலத்தாலானவை. எஞ்சியவை யாவும் சிலிக்கன் படிகம்.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதற்குச் சரித்திரத்தைச் சிறிது புரட்ட வேண்டும். முதல் சூரிய மின்கலங்களுள் ஒன்றே மென்படலந்தான்: 1883-இல் நியூயார்க்கில் சார்லஸ் ஃபிரிட்ஸ் என்பவர் உலோகத் தகட்டின்மேல் செலினியத்தைச் சன்னமாகப் பரப்பி, அதன்மேல் ஒளி ஊடுருவத்தக்க நுண்ணிய தங்கப் படலத்தைப் போர்த்தினார், அதன் திறன் நூற்றுக்கு ஒன்றளவே. பெல் ஆய்வுக்கூடத்தார் 1954-இல் ஆறு சதவீதத் திறனுள்ள சிலிக்கன் கலத்தை வெளியிட்டபின் உலகின் கவனம் படிகச் சிலிக்கன்பால் திரும்பிற்று. 1976-இல் ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கார்ல்சனும் ரான்ஸ்கியும், படிக ஒழுங்கற்ற சிலிக்கனை மென்படலமாக்கி 2.4 சதவீதத் திறன் காட்டியபோது பெரும் நம்பிக்கை பிறந்தது. அடுத்த ஆண்டே ஸ்டாப்ளரும் ரான்ஸ்கியும், ஒளி படப்பட அப்படலத்தின் குணம் நலிந்துபோவதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். வெயிலிலேயே ஆயுளைக் கழிக்க வேண்டிய பொருள் வெயிலாலேயே நலியும் என்னும் இந்த உண்மை, அப்பதார்த்தத்தை மின்நிலையங்களுக்குரிய இடத்திலிருந்து மெல்ல மெல்ல விலக்கிற்று. ஆயினும் அது அழிந்துபோகவில்லை. 1980-இல் சான்யோ நிறுவனம் அதைக் கையடக்கக் கணிப்பான்களில் பொருத்தத் தொடங்கியது. அறைக்குள் விளக்கொளியில், மிகச் சொற்ப மின்சாரத்தைக் கேட்கும் ஒரு கருவிக்கு அது முற்றிலும் பொருத்தமாக இருந்தது. ஒரு பதார்த்தத்துக்கு எந்த அங்காடி உரியது என்பதை அதன் குறையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று இல்லை.

மென்படலத்தின் உண்மையான சோதனைக் காலம் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வந்தது. ஜெர்மனி முதலிய தேசங்கள் சூரிய மின்சாரத்துக்கு உயர்ந்த விலை கொடுக்க முன்வந்ததும் தேவை பெருகி, சுத்திகரித்த சிலிக்கனுக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டு, 2008-இல் அதன் உடனடிச் சந்தை விலை கிலோவுக்கு 400 டாலரையும் தாண்டிற்று. சிலிக்கனைத் தவிர்க்கும் எந்த மார்க்கத்துக்கும் அப்போது முதலீடு தாராளமாகக் கிடைத்தது. 2009-ஐ ஒட்டிய காலத்தில் உலகச் சந்தையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மென்படலத்துக்கு உரியதாயிற்று. ஆனால் அதே உயர்ந்த விலையைக் கண்டு சீனத்திலும் பிற இடங்களிலும் எழுந்த சிலிக்கன் சுத்திகரிப்பு ஆலைகள் வேலை செய்யத் தொடங்கியதும், 2011-இன் இறுதிக்குள் அவ்விலை கிலோவுக்கு 30 டாலர் அளவுக்குச் சரிந்தது. பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. உருளை வடிவக் குழாய்களில் இண்டியச் சேர்மத்தைப் பூசிய சோலிண்ட்ரா, அமெரிக்க அரசின் 53.5 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தைப் பெற்றிருந்தும் 2011-இல் முறிந்தது; காட்மியம் டெல்லுரைடில் இறங்கிய அபவுண்ட் சோலார் 2012-இலும், அதே இண்டியச் சேர்மத்தை மைபோல் அச்சிட முனைந்த நானோசோலார் 2013-இலும் மூடப்பட்டன; ஜெனரல் எலெக்ட்ரிக் போன்ற பெரிய நிறுவனமே தான் தொடங்கிய காட்மியம் டெல்லுரைடு முயற்சியைக் கைவிட்டுத் தன் தொழில்நுட்பத்தைப் போட்டியாளரிடம் ஒப்படைத்தது. மேற்கத்திய மென்படல நிறுவனங்கள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக விலைக்கு வாங்கிய சீனத்து ஹனர்ஜியின் பங்கு 2015 மே மாதத்தில் ஒரே காலையில் ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. நம் தேசத்திலும், ஒளித்தட்டு உற்பத்தியில் பேர்பெற்ற மோசர் பேயர், கிரேட்டர் நொய்டாவில் படிகமற்ற சிலிக்கன் மென்படலத்துக்காக அப்ளைடு மெட்டீரியல்ஸ் நிறுவனத்தாரின் ஆயத்த உற்பத்தி வரிசையை நிறுவிற்று. அவ்வரிசைகளை விற்பதை அப்ளைடு மெட்டீரியல்ஸே 2010-இல் நிறுத்திக்கொண்டது. மோசர் பேயரும் 2018-இல் கலைப்புக்கு உள்ளாயிற்று.

இந்நிறுவனங்களில் பணிபுரிந்த விஞ்ஞானிகள் திறமையற்றவர்கள் அல்லர். அவர்கள் செய்த கலங்களும் வேலை செய்யாமலில்லை. சிலிக்கன் விலையுயர்ந்தது என்னும் ஒரே தூணின்மேல் அவர்களுடைய வர்த்தகக் கணக்கு முழுவதும் நின்றது. அந்தத் தூண் இன்று இல்லை. 2024-இல் சீனத்து மொத்த வியாபாரத்தில் சிலிக்கன் தகட்டின் விலை வாட்டுக்கு ஏறத்தாழ பத்து அமெரிக்க சென்ட். சதுர மீட்டருக்கு இருநூறு வாட் என்று கொண்டால், கண்ணாடியும் சட்டமும் உறையும் சேர்ந்த முழுத் தகட்டின் கிரயம் சதுர மீட்டருக்கு இருபது டாலர், அதாவது இரண்டாயிரம் ரூபாய்க்கும் குறைவு. இதில் பெரும்பங்கு கண்ணாடிக்கும் அலுமினியத்துக்கும் உறைகளுக்குமே போய்விடுகிறது. மென்படலக்காரனும் அவற்றை வாங்கியே ஆகவேண்டும். ஆகவே ‘எங்கள் பதார்த்தம் மெல்லியது, ஆதலின் மலிவானது’ என்னும் வாதத்தை இனி எந்த ஆய்வேட்டின் முன்னுரையிலும் கணக்குக் காட்டாமல் எழுதுவது முறையன்று.

அப்படியாயின் ஃபர்ஸ்ட் சோலார் என்னும் ஒரே ஒரு பெரிய மென்படல நிறுவனம் எவ்வாறு பிழைத்தது என்று நீங்கள் கேட்கக்கூடும். அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்து டொலீடோ நகரம் கண்ணாடித் தொழிலுக்குப் பேர்பெற்றது. கண்ணாடியைப் பதப்படுத்தும் கலையில் தேர்ந்த ஹெரால்டு மெக்மாஸ்டர் என்பவர் அங்கே படிகமற்ற சிலிக்கனில் கைவைத்துப் பார்த்துவிட்டு, அதைக் கைவிட்டுக் காட்மியம் டெல்லுரைடுக்கு மாறினார். 1990-இல் அவர் நிறுவிய ஸ்தாபனமே 1999-இல் ஃபர்ஸ்ட் சோலார் ஆயிற்று. ஓடிக்கொண்டிருக்கும் சூடான கண்ணாடியின்மேல் ஆவியைப் படியவைக்கும் பொறியை அவர்கள் ஆண்டுக்கணக்காகச் செம்மைப்படுத்தினார்கள். அதன் பயனாக, வெறுங்கண்ணாடி உள்ளே புகுந்து நான்கு மணி நேர அளவில் முழுத் தகடாக வெளியே வருகிறது. 2008-இன் இறுதியில் வாட்டுக்கு ஒரு டாலருக்கும் குறைந்த உற்பத்திச் செலவை எட்டிய முதல் நிறுவனம் அதுவே. அன்றியும், சீனத்துச் சிலிக்கன் தகடுகள்மேல் அமெரிக்கா 2012 முதல் விதித்த தீர்வைகளும், 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்நாட்டு உற்பத்திக்கு அளித்த வரிச்சலுகைகளும் அதற்குக் கேடயமாக நின்றன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இயந்திரமும் இராஜ்ஜியமும் சேர்ந்தே ஒரு பதார்த்தத்தைக் காப்பாற்றியிருக்கின்றன.

இராஜ்ஜியத்தின் கொள்கை எவ்வாறு ஒரு பதார்த்தத்தின் அதிருஷ்டத்தை மாற்றும் என்பதற்கு நம் தேசத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2010-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய சூரியசக்தி இயக்கத்தின் முதற் கட்டத்தில், சிலிக்கன் தகடுகள் உள்நாட்டில் செய்தவையாகவே இருக்கவேண்டுமென்று விதித்த அரசாங்கம், மென்படலத்துக்கு அவ்விதியிலிருந்து விலக்களித்தது. உள்நாட்டுச் சிலிக்கனைக் காப்பாற்ற எழுந்த விதி, வெளிநாட்டு மென்படலத்துக்கு வாசல் திறந்துவிட்டது. அமெரிக்க ஏற்றுமதி வங்கியின் மலிவான கடனோடு வந்த தகடுகளை மின்நிலைய முதலாளிகள் விரும்பி வாங்கினார்கள். அமெரிக்கா அவ்விதியையே உலக வர்த்தக நிறுவனத்தில் எதிர்த்து வழக்காடி, 2016-இல் இந்தியாவுக்கு எதிரான தீர்ப்பையும் பெற்றது. இன்று நிலைமை வேறு. இறக்குமதித் தகடுகளுக்கு 2022 ஏப்ரல் முதல் 40 சதவீதச் சுங்கவரி விதிக்கப்பட்டது; அந்த ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனமே ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் ஆண்டுக்கு 3.3 ஜிகாவாட் ஆற்றலுள்ள ஆலையை நிறுவி, 2024 ஜனவரியில் திறந்திருக்கிறது. நீங்கள் புத்தகத்தில் படிக்கும் காட்மியம் டெல்லுரைடு சென்னைக்கு அருகிலேயே பெருந்தொழிலாக நடக்கிறது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இனி மூலகங்களின் கேள்விக்கு வருவோம். டெல்லூரியத்துக்கென்று குறிப்பிடத்தக்க தனிச் சுரங்கம் இல்லை. தாமிரத்தை மின்பகுப்பால் சுத்திகரிக்கும்போது தொட்டியின் அடியில் தங்கும் சேற்றிலிருந்தே அதில் பெரும்பகுதி பிரித்தெடுக்கப்படுகிறது. தவிட்டின் விலை ஏறிற்று என்பதற்காக யாரும் கூடுதலாக நெல் குத்துவதில்லை. டெல்லூரியத்தின் கதியும் அஃதே. அதன் விலை பன்மடங்கு ஏறினாலும் தாமிரத்தின் தேவை பெருகாமல் அதன் வரவு பெருகாது. தாமிரத் தாதுவை அமிலத்தால் கரைத்தெடுக்கும் முறை பரவினாலோ, அச்சேறே இல்லாமல் போவதால், வரவு குறையவும் கூடும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மைக்ரான் தடிமனுள்ள காட்மியம் டெல்லுரைடு படலம் ஒரு சதுர மீட்டரில் பதினேழு, பதினெட்டு கிராம் எடையுள்ளது. அதில் பாதிக்குச் சற்று மேற்பட்டு, ஒன்பது கிராம் அளவு, டெல்லூரியம். சதுர மீட்டருக்கு 180 வாட் என்று கொண்டால், சேதாரத்தை விட்டுவிட்டாலும், ஒரு ஜிகாவாட்டுக்கு 50 டன் வேண்டும். உலகில் இப்போது ஆண்டுக்கு 400 ஜிகாவாட்டுக்கும் மேலாகச் சூரியத் தகடுகள் நிறுவப்படுகின்றன. அவை அனைத்தையும் இப்பதார்த்தத்தால் செய்ய வேண்டுமாயின் ஆண்டுக்கு இருபதாயிரம் டன் வேண்டும். உலகில் கிடைப்பதோ ஆண்டுக்குச் சில நூறு டன் என்ற அளவுதான். அதில் பாதிக்கு மேல் சீனத்தின் கையில் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் டெல்லூரியம், இண்டியம் இரண்டின் ஏற்றுமதிக்கும் சீனம் கட்டுப்பாடு விதித்தபோது, மூலகத்தின் புவியியல் ஒரு பௌதிக மாணவனுக்கும் உரிய பாடம் என்பது பிரத்தியட்சமாயிற்று. படலத்தின் தடிமனைத் திறன் குறையாமல் பாதியாக்குகிறவன், ஒரு புதிய சுரங்கத்தைக் கண்டுபிடித்தவனுக்கு ஒப்பான உபகாரத்தைச் செய்தவனாவான்.

காட்மியத்தின் நஞ்சைப் பற்றி எழும் அச்சத்தையும் நாம் அலட்சியம் செய்தலாகாது. ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் சுரங்கக் கழிவின் காட்மியம் நெல் வயல்களில் கலந்து மக்களின் எலும்பை உருக்கிய கொடுமை உலகறிந்தது. டெல்லூரியத்தோடு இறுகப் பிணைந்து இரு கண்ணாடிகளுக்கிடையே அடைபட்ட காட்மியம், காட்மியத்தின் கரையும் உப்புகளைப்போல நீரில் கரைந்து பரவுவதில்லை என்பதும் வாஸ்தவம். ஆயினும், காலாவதியான தகடு எங்கே போய்ச் சேரும் என்னும் கேள்விக்கு விடை சொல்லாத தொழிலுக்கு நெடுங்காலம் நிற்கும் உரிமை இல்லை. பழைய தகடுகளைத் திரும்பப் பெற்று, அவற்றின் கண்ணாடியையும் பதார்த்தத்தையும் நூற்றுக்குத் தொண்ணூறளவு மீட்கும் ஏற்பாட்டை ஃபர்ஸ்ட் சோலார் 2005 முதலே நடத்திவருகிறது. நம் தேசத்திலும் 2022-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகள் சூரியத் தகடுகளைத் தம் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டன.

உங்களுள் பலர் உழைப்பது தாமிரம், துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம் ஆகிய நான்கும் கூடிய சேர்மத்தில் என்பதை அறிவேன். அரிய இண்டியத்துக்கு மாற்றாக எங்கும் கிடைக்கும் மலிவான மூலகங்களைக் கொண்டு கலம் செய்யவேண்டும் என்னும் நோக்கம் மிக உயர்ந்தது. ஆனால் அதன் சரித்திரத்தை நேர்மையோடு பாருங்கள். 2013-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் செலினியமும் சேர்த்து 12.6 சதவீதம் காட்டினார்கள். அதன்பின் ஏறத்தாழ பத்தாண்டுக் காலம், உலகெங்கும் எத்தனையோ கூடங்கள் முயன்றும், அச்சாதனை அந்த எண்ணைச் சுற்றியே நின்றது. தாமிர அணுவும் துத்தநாக அணுவும் பருமனில் ஏறத்தாழ ஒத்தவையாதலின், படிகத்தில் ஒன்று மற்றதன் இடத்தில் போய் அமர்ந்துவிடுகிறது. இதனால் எழும் குறைகள் கலத்தின் மின்னழுத்தத்தைத் தின்றுவிடுகின்றன. ஆகவே தெளிப்புக் கரைசலின் செறிவை மாற்றியும் கண்ணாடியின் வெப்பநிலையை மாற்றியும் இன்னும் ஒரு நூறு படலங்களைச் செய்வதால் இம்முடிச்சு அவிழாது. அணுக்களின் இடமாற்றத்தைத் தடுக்கும் உபாயம் எது என்று கேட்டு, அதற்கேற்பப் பரிசோதனையை வகுப்பவனே இத்துறையில் ஓர் அடி முன்வைப்பான். இண்டியச் சேர்மத்தையே எடுத்துக்கொண்டாலும், ஜப்பானின் சோலார் ஃபிரான்டியர் 2019-இல் 23.35 சதவீதச் சாதனையை நிலைநாட்டிய பின்னரும், சிலிக்கனோடு விலையில் போட்டியிட இயலாமல் அவ்வகைத் தகடுகளின் உற்பத்தியையே விட்டுவிட்டது. உலக சாதனையும் ஆலையின் மூடுவிழாவும் மூன்று நான்கு ஆண்டு இடைவெளியில் ஒரே நிறுவனத்தில் நடந்தன.

பெராவ்ஸ்கைட்டின் கதை இவற்றினும் விசித்திரமானது. 2009-இல் ஜப்பானில் மியாசாகாவின் குழு காட்டிய 3.8 சதவீதம், பதினைந்து ஆண்டுகளுக்குள் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சிலிக்கன் இதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. கரைசலாகக் கலக்கி, நூறு பாகை சுமாரான சூட்டில் உலர்த்தினாலே நல்ல படிகம் உருவாவதும், படிகக் குறைகள் இருந்தும் மின்னோட்டத்தை அவை அதிகம் பாதிக்காமையும் அதன் விசேஷ குணங்கள். அதன் பலவீனமும் அந்த எளிமையிலேயே அடங்கியிருக்கிறது: எளிதில் உருவாவது ஈரத்தாலும் சூட்டாலும் எளிதில் குலைகிறது, அதிலுள்ள ஈயமோ நீரில் கரையும் உப்பாக வெளிப்படக்கூடியது. ஆயினும் இப்பதார்த்தம் சிலிக்கனோடு போரிடாமல் அதன் தோளில் ஏறிக்கொள்ளும் வழியைக் கண்டிருக்கிறது. நீல ஒளியின் மிகுதிச் சக்தியைச் சிலிக்கன் சூடாக வீணாக்குகிறது. அதன்மேல் பரப்பிய பெராவ்ஸ்கைட் அந்நீல ஒளியைத் தானே உண்டு, சிவப்பையும் அகச்சிவப்பையும் கீழே விடுகிறது. இத்தகைய இரட்டைக் கலம் ஒன்று 2024-இல் சீனத்து லாஞ்சி நிறுவனத்தில் 34.6 சதவீதத்தை எட்டிற்று. ஒற்றைச் சந்திக்கு விதித்த வரம்பை அது கடந்துவிட்டது. அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பி.வி. நிறுவனம் 24.5 சதவீதத் திறனுள்ள இரட்டைத் தகடுகளை முதன்முதலாக வாடிக்கையாளருக்கு அனுப்பியது. மென்படலத்தின் அடுத்த அத்தியாயம் பெரும்பாலும் இவ்வழியிலேயே எழுதப்படும் என்பது என் அபிப்பிராயம். தகட்டின் திறன் உயர உயர, நிலம், தாங்கு சட்டம், கம்பி, கூலி ஆகிய செலவுகள் யாவும் வாட்டுக்கு வாட் குறைந்துவிடுகின்றன அல்லவா?

இவ்வளவும் கேட்டபின், கோடிக்கணக்கில் செலவிடும் அந்நிய நிறுவனங்களுக்கு இடையே ஒரு கல்லூரி ஆய்வுக்கூடம் என்ன செய்ய இயலும் என்று மனம் தளர வேண்டாம். சாதனங்களின் வறுமை நமக்கு உண்மையான தடையன்று. கேள்வியைத் தேர்ந்தெடுப்பதிலேயே நாம் வறியவர்களாக இருக்கிறோம்.

முதலாவதாக, காலம். தகடுகளைச் சோதிக்கும் சர்வதேச விதியின்படி 85 பாகை வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள பெட்டியில் ஆயிரம் மணி நேரம், அதாவது நாற்பத்திரண்டு நாள் அளவு, தகடு தாங்கி நிற்க வேண்டும். இத்தகைய பெட்டி, எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் விலையோடு ஒப்பிட்டால் அற்பமானது. செய்த அன்றைக்கே அளந்த திறனோடு ஆய்வை முடிக்காமல், பெட்டியில் வைத்து வாரந்தோறும் அளந்து, எது முதலில் குலைந்தது, படலமா, அதன் எல்லையா, மின்முனையா என்று எழுதுங்கள். நம் கடற்கரையின் உப்புக் காற்றும் உட்பகுதியின் கோடையும் ஜெர்மனியில் கிடைக்காத பரிசோதனைக்கூடங்கள். வெயிலில் தகட்டின் சூடு 65 பாகைக்கு ஏறும்போது, பாகைக்கு 0.35 சதவீதம் இழக்கும் பழைய சிலிக்கன் தன் ஆற்றலில் 14 சதவீதத்தையும், 0.3 சதவீதம் இழக்கும் காட்மியம் டெல்லுரைடு 12 சதவீதத்தையும் விட்டுக்கொடுக்கின்றன. புதிய சிலிக்கன் கலங்களோ இந்த வித்தியாசத்தையும் நிரப்பிவருகின்றன. இதை நம் ஊர்களிலேயே ஆண்டு முழுவதும் அளந்து வெளியிடுகிறவருக்கு வாசகர்கள் எங்கும் உண்டு.

இரண்டாவதாக, பரப்பு. நூறு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு நுண்துளை வீதம் விழும் படலத்தில், ஒரு சதுர சென்டிமீட்டர் மாதிரியை வெட்டி அளப்பவன் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை குறையையே காணான்; இரண்டரைச் சதுர மீட்டர் தகட்டிலோ அவை இருநூற்றைம்பது. ஆகவே மிகச் சிறந்த கலத்தின் எண்ணை மாத்திரம் அச்சிடாமல், செய்த கலங்கள் அனைத்தின் சராசரியையும் பரவலையும் அச்சிடுங்கள். அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் நம் அருகிலேயே இருக்கிறது. மின்பகுப்பால் படலம் படியவைக்கும் வித்தையில் அங்கே சேர்ந்துள்ள அநுபவம், பரப்பைப் பெருக்க விரும்புவோருக்கு ஒரு பெருஞ்சொத்து.

மூன்றாவதாக, மீட்பு. பழைய தகட்டிலிருந்து டெல்லூரியத்தையும் இண்டியத்தையும் வெள்ளியையும் குறைந்த அமிலத்தில், குறைந்த நீரில் பிரித்தெடுப்பது எப்படி என்பது வேதியியல் துறை மாணவர்கள் எளிய கண்ணாடிக் குடுவைகளோடு தொடங்கக்கூடிய கேள்வி. காட்மியம் டெல்லுரைடு படலத்தைப் பதப்படுத்த, நீரில் கரையும் நஞ்சான காட்மியம் குளோரைடுக்குப் பதிலாகத் தீங்கற்ற மெக்னீசியம் குளோரைடு போதுமென்று 2014-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். மலிவான ஓர் உப்பைக் கொண்டு, ஆனால் சரியான கேள்வியைக் கேட்டுச் செய்த வேலை அது.

நண்பர்களே, பட்டத்துக்கு வேண்டிய கட்டுரைகளின் எண்ணிக்கை உங்களை நெருக்குவதையும், வழிகாட்டியின் விருப்பத்தை மீறித் தலைப்பை மாற்றுவது எளிதன்று என்பதையும் நான் அறியாதவன் அல்லன். ஆதலின் தலைப்பை மாற்றச் சொல்லவில்லை. உங்கள் ஆய்வேட்டின் இறுதி அத்தியாயத்தில், ‘சூரிய மின்கலத்துக்கு ஏற்றது’ என்னும் வாக்கியத்தை எழுதும் முன்னர் நான்கு வரிகள் கொண்ட ஓர் அட்டவணையைச் சேர்க்கும்படி மாத்திரம் கேட்டுக்கொள்கிறேன்: இப்படலம் ஈரத்திலும் சூட்டிலும் எத்தனை மணி நேரம் நின்றது; எவ்வளவு பெரிய பரப்பில் சீராக வந்தது; ஒரு ஜிகாவாட்டுக்கு எந்த மூலகம் எத்தனை டன் வேண்டும், அது உலகில் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கிறது; இன்றைய சிலிக்கன் தகட்டின் விலையோடு ஒப்பிட்டால் இதற்கு இடமுண்டா, உண்டாயின் எந்த அங்காடியில். நான்கு வரிகளுக்கும் சாதகமான விடை வர வேண்டுமென்பதில்லை. ‘இப்பதார்த்தம் மின்நிலையத்துக்கு ஆகாது’ என்று ஆதாரத்தோடு எழுதப்பட்ட ஒரு முடிவு, பின்னால் வரும் பல மாணவர்களின் உழைப்பை மிச்சப்படுத்தும், அதுவும் விஞ்ஞானமே. உங்கள் தேர்வாளர்கள் அந்த அட்டவணையைக் கேட்கத் தொடங்கும் நாள் வரும்வரை காத்திராமல், நீங்களே அதை முதலில் எழுதத் தொடங்குங்கள்.

உங்கள் நலம் விழையும்,
ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியன் ஒருவன்